அல்சைமர் நோயின் இருமுனைத் தாக்கம்: நோயாளரும் பராமரிப்பாளரும்

ஆய்வுச் சுருக்கம்

அல்சைமர் நோய் மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழித்து நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைச் சிதைக்கும் நோயாகும். இதன் தாக்கம் நோயுற்றவரோடு நின்றுவிடுவதில்லை. அவரை இரவும் பகலும் கவனித்துக்கொள்ளும் குடும்ப உறுப்பினரின் உடல்நலம், மனநலம், வருவாய், உறவுகள் ஆகியவற்றையும் அது பாதிக்கிறது. நோயாளருக்கு நேரும் மாற்றங்களையும் பராமரிப்பாளருக்கு நேரும் பாதிப்புகளையும் இக்கட்டுரை ஒருசேர விளக்குகிறது. பராமரிப்பாளரின் சுமை நோயின் கடுமையை மட்டும் பொறுத்ததன்று. அவர் எந்த அளவுக்குத் தனித்து விடப்பட்டுள்ளார் என்பதையும் பொறுத்தது என்பதை ஆய்வு முடிவுகளின்வழி எடுத்துரைக்கிறது. மூளையின் அழிவை நிறுத்தும் மருந்து இன்னும் கிட்டவில்லை எனினும் இத்தனிமையைக் குறைப்பது குடும்பத்திற்கும் சமூகத்திற்கும் இயலக்கூடியதே என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அல்சைமர் நோய், டிமென்ஷியா, முதுமை, பராமரிப்பாளர் சுமை, குடும்பம், நோயறிதல், அறளை பெயர்தல்

முன்னுரை

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். அவரிடம் தோன்றிய மாற்றங்களை முதலில் கண்டவர் ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றிய அவருடைய கணவர். காரணமின்றிக் கணவர்மீது ஐயங்கொள்ளுதல், சமையலில் தடுமாறுதல், பொருள்களை ஒளித்து வைத்தல், வீட்டுக்குள் அமைதியின்றி அலைதல் என அம்மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அப்பெண்ணிடம் கணவரின் பெயரைக் கேட்டபோது அவர் தம் பெயரையே விடையாகக் கூறினார். தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் மருத்துவக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. 1906 ஏப்ரலில் அவர் இறந்த பின்னர் அவரது மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் நடைபெற்ற மருத்துவர் கூட்டத்தில் தம் கண்டறிதலை விளக்கினார். 1910இல் எமில் கிரேபலின் தம் மனநல மருத்துவ நூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அந்த முதல் நோயாளரின் மூளையைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகிறது. அவருடைய கணவர் பட்ட துயரம் பெரிதும் பேசப்படவில்லை. நோயின் வரலாற்றைச் சொல்லும் சாட்சியாக மட்டுமே அவர் பதிவேட்டில் நிற்கிறார். பராமரிப்பாளரின் நிலை தனியே ஆராயத்தக்க பொருள் என்ற உணர்வு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுப்பெற்றது. நோயாளர், பராமரிப்பாளர் ஆகிய இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போதே இந்நோயின் முழு வடிவம் புலப்படும்.

1. நோயின் இயல்பு

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. அன்றாட வாழ்வைத் தடுக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குன்றிய நிலையைக் குறிக்கும் பொதுப்பெயர் அது. அந்நிலையை உண்டாக்கும் நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய். டிமென்ஷியா உடையோருள் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என உலக நலவாழ்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. 2021ஆம் ஆண்டில் உலகில் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர் என்பதும், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாக அந்நிலைக்கு ஆளாகின்றனர் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியா உடையவர்கள் என 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகர்ப்புறத்தைவிட ஊர்ப்புறத்திலும் இது மிகுந்திருப்பதை அவ்வாய்வு காட்டியது.

இந்நோயில் இருவகைப் புரதங்கள் மூளையில் படிகின்றன. பீட்டா அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிய இழைகளாகச் சிக்குண்டு நிற்கிறது. இவற்றின் விளைவாக நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பு அறுபட்டு, அணுக்கள் மடிகின்றன. புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. இம்மாற்றங்கள் அறிகுறிகள் வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. எனவே குடும்பத்தார் நோயின் தொடக்கமாகக் கருதும் நாளில் நோய் பாதித் தொலைவைக் கடந்திருக்கும்.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் இந்நோய் வந்தே தீரும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. தவறாமல் நோயை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் மிக அரியவை. நோயாளருள் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினரோ அதற்கும் குறைவானவர்களோதாம் அவற்றால் பாதிக்கப்பட்டவர்கள். மறுபுறம், கல்விக் குறைவு, செவித்திறன் குறைவு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், சமூகத் தனிமை, காற்று மாசு உள்ளிட்ட 14 காரணிகளை 'லான்செட்' இதழின் வல்லுநர் குழு 2024இல் பட்டியலிட்டது. அவற்றைக் கட்டுப்படுத்தினால் உலகில் டிமென்ஷியா நேர்வுகளுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

மருந்துகளைப் பொறுத்தவரை டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்றவை சிலரிடம் அறிகுறிகளை ஓரளவு தணிக்கின்றன. அமிலாய்டு படிவுகளை அகற்றும் லெக்கனெமாப், டோனனெமாப் ஆகிய மருந்துகள் முறையே 2023, 2024ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. இவை தொடக்க நிலையில் உள்ளோருக்கு மட்டுமே உரியவை. நோயின் வேகத்தைச் சற்றுக் குறைப்பவை. இழந்ததை மீட்டுத் தருபவை அல்ல. ஆகவே நோயறியப்பட்ட பின் நான்கு முதல் எட்டு ஆண்டுகள், சிலரிடம் இருபது ஆண்டுகள் வரை நீளும் வாழ்நாளில், நோயாளருக்குக் கிடைக்கும் முதன்மையான மருத்துவம் மனிதரின் கவனிப்பே ஆகும்.

2. நோயாளர் இழப்பவையும் அவரிடம் எஞ்சுபவையும்

முதலில் மறைவது அண்மைக்கால நினைவு. காலையில் உண்டது மறந்துபோகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணம் நினைவில் நிற்கும். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்டதும் விடை பெற்றதும் பதிவாகாத காரணத்தால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் முறையே. அடுத்து சொற்கள் நழுவுகின்றன. சாவியைத் 'திறக்கிறது' என்றும் கடிகாரத்தை 'மணி பார்க்கிறது' என்றும் சுற்றிவளைத்துச் சொல்லும் நிலை வருகிறது. பணத்தை எண்ணுதல், மாத்திரையை வேளைக்கு உட்கொள்ளுதல், பழகிய தெருவில் வழி கண்டுபிடித்தல் ஆகியவை கடினமாகின்றன. நோய் முற்றும்போது உடுத்தவும் குளிக்கவும் உண்ணவும் பிறர் உதவி தேவைப்படுகிறது. இறுதி நிலையில் நடை நின்று, விழுங்கும் திறனும் குன்றுகிறது. உணவோ நீரோ மூச்சுக்குழாயில் நுழைவதால் வரும் நுரையீரல் அழற்சி இறப்புக்கு அடிக்கடி காரணமாகிறது.

நோயாளர் தம் குறையை ஒப்புக்கொள்ள மறுப்பது குடும்பத்தாரைப் பெரிதும் வருத்துகிறது. பலருக்கு இது பிடிவாதமோ பொய்யோ அன்று. தனக்கு ஏற்பட்ட குறையைத் தானே உணரும் திறனையும் இந்நோய் தாக்குகிறது. அத்தகையவரிடம் 'உங்களுக்கு மறதி வந்துவிட்டது' என்று எடுத்துச்சொல்லி ஏற்கவைக்க முயல்வது பயனளிப்பதில்லை. அவரைப் புண்படுத்துவதாகவே முடிகிறது. வேறு சிலர் தொடக்க நிலையில் தம் வீழ்ச்சியை நன்கு உணர்கின்றனர். கூட்டங்களைத் தவிர்த்தல், பேச்சைக் குறைத்தல், எழுதுவதை நிறுத்துதல் என்று அவர்கள் தம் குறையை மறைக்கின்றனர். மனச்சோர்வும் அச்சமும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன.

எனினும் நோயாளரிடம் எஞ்சுபவை பல. நீண்டகாலம் கைபழகிய செயல்கள் நினைவைவிட நெடுநாள் நிலைக்கின்றன. மகளின் பெயர் நினைவுக்கு வராத ஒருவர் பூவைத் தடுமாற்றமின்றித் தொடுக்கக்கூடும்; வாக்கியத்தை முடிக்க இயலாதவர் இளமையில் கற்ற பாடலை முழுமையாகப் பாடக்கூடும். உணர்வும் அவ்வாறே. நடந்த நிகழ்ச்சி மறந்த பின்னும் அது தந்த மகிழ்ச்சியோ வருத்தமோ நெஞ்சில் தங்கியிருக்கும். காலையில் பெற்ற வசவு நினைவில் இல்லாதபோதும் மாலைவரை முகம் வாடியிருப்பதற்கு இதுவே காரணம். நோயாளரின் ஆளுமை நோயால் மட்டும் அழிவதில்லை, சுற்றியிருப்போர் அவரை நடத்தும் முறையாலும் அழிகிறது எனப் பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட் 1997இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தினார். அவர் முன்னிலையிலேயே அவரைப்பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசுதலும், எல்லாச் செயல்களையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்ளுதலும் அவ்வழிவை விரைவுபடுத்தும்.

3. நடத்தை மாற்றங்களின் பொருள்

பராமரிப்பாளரை நிலைகுலையச் செய்வது மறதியைவிட நடத்தை மாற்றங்களே. தன் நகையை மருமகள் திருடிவிட்டாள் என்று குற்றஞ்சாட்டுதல், தன் வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று துடித்தல், மாலை வந்ததும் கலக்கமுறுதல், இரவில் உறங்காமல் கதவைத் தட்டுதல், குளிக்க மறுத்தல், கைநீட்டி அடித்தல் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் நோயாளரின் நோக்கில் ஒரு காரணம் உண்டு. நகையைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி அவரே ஒளித்து வைக்கிறார். ஒளித்தது நினைவில் பதியவில்லை. வைத்த இடத்தில் நகை இல்லை. ஆகவே எவரோ எடுத்திருக்க வேண்டும் என்பதே அவர் எட்டக்கூடிய முடிவாகிறது. பெரும்பாலும் அருகில் இருப்பவரே, அதாவது மிகுதியாக உழைப்பவரே, அக்குற்றச்சாட்டுக்கு ஆளாகிறார். 'வீடு' என்று அவர் கேட்பது சில வேளைகளில் பிறந்த வீட்டை. சில வேளைகளில் எந்தக் கட்டடத்தையும் அன்று, இழந்துவிட்ட பாதுகாப்புணர்வை. ஆகவே 'இதுதான் உங்கள் வீடு' என்று வாதிடுவதைவிட, அவ்வீட்டைப்பற்றி அவரைப் பேசவைத்துக் கவனத்தை மெல்லத் திருப்புவதே பயன் தருகிறது.

திடீரென்று தோன்றும் குழப்பத்திற்கு உடல்சார்ந்த காரணமும் இருக்கக்கூடும். சிறுநீர்ப்பாதைத் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைச் சொல்ல வாயில்லாத நோயாளர் நடத்தையால் வெளிப்படுத்துகிறார். இத்தகைய மாற்றங்களை நோயின் முதிர்ச்சி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

4. பெயரிடலும் காலந்தாழ்ந்த நோயறிதலும்

தமிழ்நாட்டில் இந்நிலையை 'வயசாகிவிட்டது', 'நினைவு தப்புகிறது', 'சின்னப்பிள்ளை போல ஆகிவிட்டார்' என்று குறிப்பது வழக்கம். இலங்கைத் தமிழரிடையே 'அறளை பெயர்தல்' என்ற வழக்கு உண்டு. கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் இதனைக் குழந்தைத்தனம் என்னும் பொருள்பட 'சின்னன்' என்று அழைப்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இவ்வழக்குகள் முதியவர்மீது வெறுப்பின்றி அவரை ஏற்றுக்கொள்ளும் மனநிலையைக் காட்டுகின்றன. அதே வேளையில், இது முதுமையின் இயல்பே என்ற எண்ணத்தை நிலைநிறுத்தி, மருத்துவ உதவியை நாடவிடாமலும் தடுக்கின்றன.

இத்தடையின் அளவைக் காட்டும் சான்று ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைக்கிறது. வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராய்வதற்கென 1998இல் தோன்றிய 10/66 என்னும் ஆய்வுக்குழுவின் இந்தியக் களங்கள் சென்னை நகரும் வேலூரைச் சார்ந்த ஊர்ப்புறமும் ஆகும். டிமென்ஷியா உடையோருள் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்ந்தும் மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடத்தப்பட்டன. குழுவின் பெயர் அதனைச் சுட்டுகிறது. 2008இல் வெளியான அக்குழுவின் முடிவுகளின்படி, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோது டிமென்ஷியாவின் அளவு இந்திய ஊர்ப்புறத்தில் வெறும் 0.3 விழுக்காடாகவும் கியூபாவில் 6.3 விழுக்காடாகவும் இருந்தது. அக்குழு தானே உருவாக்கிய, கல்வியறிவு வேறுபாட்டைக் கருத்திற்கொண்ட அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டபோது எல்லாக் களங்களிலும் அது 5.6 முதல் 11.7 விழுக்காடு வரை அமைந்தது.

இவ்வேறுபாட்டின் காரணம் சிந்திக்கத்தக்கது. முதல் அளவுகோல் சமூக வாழ்விலோ தொழிலிலோ தெளிவான வீழ்ச்சி இருப்பதை வேண்டுகிறது. அவ்வீழ்ச்சியைச் சொல்ல வேண்டியவர் உறவினர். ஊர்ப்புறக் குடும்பத்தில் முதியவரிடமிருந்து வரவுசெலவு, சமையல், பொறுப்புகள் ஆகியவற்றை இளையோர் முன்பே ஏற்றுக்கொண்டிருப்பர். செய்வதற்கு வேலை இல்லாதவரிடம் செயல்திறன் குறைந்தது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அன்பினால் வேலைகளை வாங்கிக்கொண்ட குடும்பமே நோயைக் காணும் வாய்ப்பையும் இழக்கிறது. நோய் பெயரிடப்படாதபோது அதைத் தாங்குபவரின் உழைப்பும் பெயரிடப்படுவதில்லை.

காலத்தே மருத்துவரை அணுகுவதில் மற்றொரு பயனும் உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை சரிசெய்யத்தக்கவை. பரிசோதனையின்றி முதுமை என்று ஒதுக்கிவிட்டால் தீர்க்கக்கூடிய நோயும் தீராமல் போகும்.

5. பராமரிப்பாளருக்கு நேரும் பாதிப்புகள்

டிமென்ஷியா உடையோருக்குக் குடும்பத்தாரும் நெருங்கியோரும் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் கவனிப்பு அளிப்பதாகவும், கவனிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களின் உழைப்பு என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவிக்கிறது. 2019இல் டிமென்ஷியாவால் உலகிற்கு நேர்ந்த செலவு 1.3 இலட்சம் கோடி அமெரிக்க டாலர். அதில் ஏறத்தாழ பாதி, ஊதியமின்றி உழைக்கும் இவர்களின் கவனிப்புக்கு உரிய மதிப்பாகும். தமிழ்க் குடும்பங்களில் இப்பொறுப்பு மனைவி, மகள், மருமகள் ஆகியோருள் ஒருவர்மீது விழுகிறது. குடும்பம் கூடிப் பேசி முடிவெடுத்து ஒப்படைப்பது அரிது; அருகில் இருந்தவர் தொடங்கினார், அவரே தொடர்ந்தார் என்பதே பெரும்பாலும் நிகழ்வது.

உடலின்மீது இதன் தாக்கத்தை ஒரு சிறிய ஆய்வு துல்லியமாகக் காட்டியது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டிமென்ஷியா உடைய உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் தோலிலும், அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களின் தோலிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தி அது ஆறும் காலம் கணக்கிடப்பட்டது. பராமரிப்பாளரின் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. 1995இல் வெளியான இவ்வாய்வு, நீண்டகால மன அழுத்தம் உடலின் தன்னைத்தான் சீர்செய்யும் ஆற்றலையே தளர்த்துகிறது என்பதற்குச் சான்றாகிறது. 1999இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, துணைவரைக் கவனித்து அதனால் மன அழுத்தம் அடைந்த முதியோரிடம் நான்காண்டுக் காலத்தில் இறப்பு வாய்ப்பு 63 விழுக்காடு மிகுந்திருந்ததைக் கண்டது. கவனிப்பு அளித்தும் அழுத்தம் அடையாதவர்களிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை. கவனித்தல் என்னும் செயலைவிட அதனைச் செய்ய நேரும் சூழலே தீங்கு விளைவிக்கிறது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

மனத்தின்மீதுள்ள பாதிப்பு வேறுவகையானது. உடலால் எதிரே இருப்பவர் உள்ளத்தால் விலகிச் செல்கிறார். இறந்தவருக்காக அழுவதற்கு ஊரும் உறவும் கூடும். சடங்கும் நாளும் உண்டு. உயிருடன் இருப்பவரை இழந்துகொண்டிருப்பதற்கு அழும் முறை எதுவும் சமூகத்தில் இல்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் பாலின் பாஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்னும் கருத்தால் விளக்கினார். ஐம்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவர் மனைவியைப் பார்த்து 'நீங்கள் யார்' என்று கேட்கும் நாளில் அம்மனைவி அடைவது இத்தகைய இழப்பே.

துயரத்துடன் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. பொறுமை இழந்து ஒரு சொல் கடிந்து கூறியதற்காகவும், சில மணி நேரம் வெளியே சென்றதற்காகவும், இது எப்போது முடியும் என்று ஒரு கணம் நினைத்ததற்காகவும் பராமரிப்பாளர் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிமென்ஷியா உடைய உறவினரை இழந்த பராமரிப்பாளருள் 72 விழுக்காட்டினர் அவ்விறப்பு தமக்கு விடுதலையாக இருந்ததாக ஒப்புக்கொண்டனர். அவ்வுணர்வு அன்பின்மையின் அடையாளமன்று. நெடுங்காலச் சோர்வின் அடையாளம். பெற்றோரைப் பேணுதலைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகத்தில் இதனை வாய்விட்டுச் சொல்வது மேலும் கடினமாகிறது.

பொருளியல் இழப்பும் சிறியதன்று. வேலையை விடுதல், பதவி உயர்வை மறுத்தல், கடையை மூடுதல் ஆகியவை மருத்துவச் செலவுக் கணக்கில் வருவதில்லை. பராமரித்த மகளோ மருமகளோ தம் நடுவயதின் பத்தாண்டுகளை இழந்த பின், தம் முதுமைக்கான சேமிப்பின்றி நிற்கும் நிலையும் ஏற்படுகிறது.

6. சுமையைத் தீர்மானிப்பது எது?

பராமரிப்பாளர் சுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாநிரல் ஸ்டீவன் சாரிட்டும் உடனாய்வாளர்களும் 1980இல் உருவாக்கியதாகும். அதனை அறிமுகம் செய்த ஆய்வில் 29 நோயாளரும் அவர்தம் பராமரிப்பாளர் 29 பேரும் பங்கேற்றனர். நோயாளரின் மறதியும் நடத்தைச் சிக்கலும் எவ்வளவு மிகுகின்றனவோ அவ்வளவு சுமையும் மிகும் என்பதே எவரும் எதிர்பார்க்கக்கூடியது. முடிவு வேறாக இருந்தது. ஆராயப்பட்ட காரணிகளுள் சுமையோடு தெளிவான தொடர்புடையதாக வெளிப்பட்டது ஒன்றே: பிற குடும்பத்தார் எத்தனை முறை வந்து பார்த்தனர் என்பது. வருகை மிகுந்த வீடுகளில் சுமை குறைந்திருந்தது. பின்வந்த ஆய்வுகள் நடத்தைச் சிக்கல்களுக்கும் உரிய இடத்தைக் காட்டின. எனினும் அந்த முதல் முடிவு சுட்டிய உண்மை நிலைத்து நிற்கிறது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் வழிநடத்திய நெடுங்கால ஆய்வு அதனை வலுப்படுத்துகிறது. அல்சைமர் நோயாளரின் துணைவர் 406 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து அமர்த்திய ஆலோசனை அமர்வுகள், ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசி ஆலோசனை ஆகியவை வழங்கப்பட்டன. 2006இல் வெளியான முடிவுகளின்படி, அப்பிரிவினரின் நோயாளர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்படும் காலம் இடைநிலை அளவில் 557 நாள்கள் தள்ளிப்போனது. நோயாளருக்குப் புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை. பராமரிப்பாளருக்குக் கிடைத்த ஆதரவே நோயாளரை ஒன்றரை ஆண்டுகள் கூடுதலாகத் தம் வீட்டில் வாழச்செய்தது.

இத்தகைய உதவி செல்வ நாடுகளுக்கு மட்டுமே இயலும் என்று கருத வேண்டியதில்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், மேல்நிலைப் பள்ளிக் கல்வி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்று ஆறு மாதம் வீடுதோறும் சென்றனர். நோயைப்பற்றி விளக்கினர், நடத்தைச் சிக்கல்களைக் கையாளும் வழி கூறினர், அரசு உதவிகளைப் பெறத் துணைநின்றனர். பராமரிப்பாளரின் மனநலம் மேம்பட்டது. நோயாளரின் நடத்தையால் அவர்கள் அடைந்த மனவேதனை குறைந்தது. நோயாளரின் நடத்தையில் புள்ளியியல் அடிப்படையில் உறுதிசெய்யத்தக்க மாற்றம் ஏற்படாத நிலையிலும் இப்பயன் கிட்டியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

7. தமிழ்ச் சூழலில் செய்யத்தக்கவை

முதலாவது, குடும்பத்திற்குள் பொறுப்பைப் பகிர்தல். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் உடன்பிறந்தோர் பணம் அனுப்புவது தேவையே. அது பராமரிப்பாளரின் உறக்கத்தை ஈடுசெய்யாது. ஆண்டில் சில வாரங்களேனும் வந்து பொறுப்பேற்பதும், வாரத்தில் குறித்த நேரம் வேறொருவர் அமர்வதற்கு வழிசெய்வதும், பகற்பொழுதுக்கு உதவியாளரை அமர்த்துவதும் நேரடிப் பயன் தருபவை. தொலைபேசியில் 'அம்மா எப்படி இருக்கிறார்' என்று கேட்பவர், கவனித்துக்கொள்பவரின் நலத்தையும் கேட்டறிதல் வேண்டும். வந்து ஒரு மணி நேரம் இருந்து குறை சொல்லிச் செல்லும் உறவு சுமையைக் குறைப்பதில்லை.

இரண்டாவது, மருத்துவர் கேட்கும் கேள்வி. 'தம் வேலைகளைச் செய்கிறாரா' என்ற கேள்விக்கு வேலையற்ற முதியவரின் வீட்டார் ஆம் என்றே விடை தருவர். 'முன்பு செய்த விதத்திலிருந்து மாறியிருக்கிறதா', 'தனியே விட்டுச்செல்ல இயலுமா' என்ற கேள்விகளே மாற்றத்தை வெளிக்கொணரும். நோயாளருடன் வந்தவரின் உறக்கம், குருதியழுத்தம், மனநிலை ஆகியவற்றைக் கேட்டறிவதும் அதே மருத்துவத்தின் பகுதியாக வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ள அமைப்புகளைப் பயன்படுத்துதல். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் குருதியழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்கின்றனர். அவ்விரு நோய்களும் டிமென்ஷியாவின் காரணிகள் ஆதலால் அவர்கள் செல்லும் வீடுகளிலேயே மறதிநோயின் தொடக்கமும் காணப்படும். கோவா ஆய்வு காட்டிய பயிற்சியை இவர்களுக்கு அளித்தால் புதிய கட்டமைப்பின்றியே உதவி வீடுகளை எட்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 இயங்கிவருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனமும் நாட்டின் பல நகரங்களில் 1992இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கமும் வழிகாட்டுகின்றன. நோயாளரைப் பகலில் மட்டும் ஏற்றுக்கொள்ளும் மையங்கள் மாவட்டந்தோறும் தேவைப்படுகின்றன.

நான்காவது, நோயாளரின் விருப்பத்தைக் காலத்தே அறிதல். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவையும் சூழலறிவையும் கணிசமாகப் பாதிக்கும் கோளாறுகளும் அடங்கும். தமக்கு அளிக்க வேண்டிய, அளிக்கக்கூடாத சிகிச்சையை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேசுவதற்கு ஒருவரை நியமிக்கவும் அச்சட்டம் உரிமை தருகிறது. தொடக்க நிலையிலேயே இதனைச் செய்தால், பின்னாளில் முடிவெடுக்கும் வேதனை பராமரிப்பாளரின் தோளில் மட்டும் விழாது.

முடிவுரை

அல்சைமர் நோய் ஒருவரின் மூளையில் தோன்றி இருவரின் வாழ்வை மாற்றுகிறது. நோயாளர் நினைவையும் மொழியையும் இழக்கிறார். பராமரிப்பாளர் உறக்கத்தையும் வருவாயையும் உறவையும் தம் நலத்தையும் இழக்கிறார். முன்னதைத் தடுத்து நிறுத்தும் மருத்துவம் இன்னும் உருவாகவில்லை. பின்னதைக் குறைக்கும் வழிகள் கண்டறியப்பட்டுள்ளன; அவை உறவினரின் வருகை, பயிற்சி பெற்ற பணியாளரின் துணை, சில மணி நேர ஓய்வு என எளியனவாகவே அமைந்துள்ளன. பராமரிப்பாளருக்குக் கிட்டும் ஆதரவு நோயாளரையும் சென்றடைகிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே மறதிநோய் கண்டறியப்படும் ஒவ்வொரு முறையும் மருத்துவக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இடம்பெறுதல் வேண்டும்: நோயுற்றவரின் பெயரும், அவரை அழைத்துவந்தவரின் பெயரும்.